காயம் வளராது, பிள்ளை வளரும்

குழப்பம் ‘வாதம்’ என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. மருத்துவர் ‘செரிப்ரல் பால்சி’ என்கிறார். கூட வந்த யாரோ அதைத் தமிழில் ‘பெருமூளை வாதம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னால் அவருக்கு நினைவு வருவது தாத்தாவைப் படுக்கையில் போட்ட பக்கவாதம். இல்லையென்றால், தோட்டத்து லயத்தில் அந்தக் காலத்தில் பார்த்த இளம்பிள்ளை வாதம். இரண்டுமே இதுவல்ல.

இளம்பிள்ளை வாதம் என்ற போலியோ, கிருமியால் வருவது. அது முதுகுத்தண்டில் இருக்கும் நரம்பணுக்களைக் கெடுக்கும். கால் துவண்டு சூம்பும். மலேசியா 2000ஆம் ஆண்டிலேயே போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. 2019இன் கடைசியில் சபாவில் அது மறுபடி தலைகாட்டியது தனிக்கதை. பெருமூளை வாதம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதல்ல. காலிலும் கையிலும் குறையில்லை, தசையிலும் குறையில்லை. உத்தரவு அனுப்பும் மூளையில், அது வளர்ந்துகொண்டிருந்த பருவத்தில், எங்கோ ஓரிடத்தில் அடிபட்டிருக்கிறது. கருவிலேயே பட்டிருக்கலாம், பிரசவத்தின்போது பட்டிருக்கலாம், பிறந்த ஓரிரு ஆண்டுக்குள் பட்டிருக்கலாம். அதனால் தசைக்குப் போகும் உத்தரவு கலங்கிப் போகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தசை துவள்வதில்லை, இறுகுகிறது. சிலருக்குக் கை கால் தானாக நெளியும். இன்னும் சிலருக்கு நடையில் தள்ளாட்டம். ஒரு பக்கம் மட்டும், இரண்டு கால்கள் மட்டும், உடல் முழுவதும் என்று பிள்ளைக்குப் பிள்ளை மாறும். இதே நோய்ப்பெயருள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்று பள்ளித் திடலில் ஓடும். இன்னொன்றுக்குத் தலையை நிமிர்த்தி வைக்கவே துணை வேண்டும்.

மற்ற எல்லாவற்றையும்விட முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. மூளையில் பட்ட அந்தக் காயம் பெரிதாகிக்கொண்டே போகாது. ஆனால் பிள்ளை வளரும். எலும்பு நீளும், எடை கூடும், இறுகிய தசை எலும்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். இரண்டு வயதில் இல்லாத சிக்கல் எட்டு வயதில் வருவது இதனால்தான். “போன வருஷம் நல்லாத்தானே இருந்தான், நோய் முத்திடுச்சா?” என்று பெற்றோர் பதறுகிறார்கள். நோய் முற்றவில்லை, உடம்பு வளர்ந்திருக்கிறது. மாறாக, நேற்றுவரை உட்கார்ந்த பிள்ளையால் இன்று உட்கார முடியவில்லை, பேசிய சொல் மறந்துபோகிறது என்றால் அது பெருமூளை வாதம்தானா என்றே மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். அதைப் போலவே தோற்றம் காட்டும் மரபுக் கோளாறுகள் உண்டு. அவற்றில் சில மருந்துக்குக் கட்டுப்படுபவை.

எப்படி வந்தது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் பதில் தயாராக இருக்கும். கிரகணத்தன்று வெளியே போனாள், பப்பாளி சாப்பிட்டாள், முன்வினை. அத்தனை விரலும் தாயை நோக்கியே நீளும். மருத்துவ உலகமும் நெடுநாள் பிரசவ அறையை மட்டுமே குற்றம் சொன்னது. 1861இல் லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற அறுவை மருத்துவர், கடினமான பிரசவமே காரணம் என்று உரையாற்றினார். அந்த நிலைக்கே ‘லிட்டில் நோய்’ என்று பெயர் வந்தது. பிற்காலத்தில் மனப்பகுப்பாய்வுக்காகப் பேர்பெற்ற சிக்மண்ட் பிராய்ட் அப்போது நரம்பு மருத்துவர். கருவிலேயே ஏதோ கோளாறு இருந்ததால்தான் பிரசவமும் கடினமாகியிருக்கலாமே என்று 1890களில் அவர் கேட்டார். இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் பிராய்ட் பக்கமே சாய்கின்றன. பிரசவ நேரத்தில் மூச்சுத் திணறியது மட்டுமே காரணம் என்று சொல்லத்தக்க பிள்ளைகள் சிறு பங்குதான். மாதம் குறைந்து பிறப்பது, பிறப்பு எடை மிகக் குறைவது, கர்ப்பத்தில் தாய்க்கு வரும் தொற்று, கருவிலேயே மூளையில் ரத்த ஓட்டம் தடைப்படுவது, மரபணு மாற்றம், பிறந்தபின் மூளைக்காய்ச்சல் என்று பட்டியல் நீளும். பல பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமலே போகும். பப்பாளி இந்தப் பட்டியலில் இல்லை.

நம் நாட்டில் ஒரு காரணத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தடுக்க முடியும். அது மஞ்சள் காமாலை. பிறந்த சில நாட்களில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் வரும், போகும். ஆனால் ரத்தத்தில் அந்த மஞ்சள் நிறமி அளவு மீறினால் மூளைக்குள் இறங்கி, அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் காது நரம்பையும் கெடுக்கும். ‘ஜி6பிடி’ என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் மலேசிய மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைச் சோதிக்கிறார்கள். குறைபாடு இருந்தால் அலமாரியில் பாச்சை உருண்டை போடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவதும் அதற்காகவே. கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து மிஸ்ஸி வீட்டுக்கு வந்து குழந்தையைத் துணி விலக்கிப் பார்க்கும்போது “தீட்டு வீடு, அப்புறம் வாங்க” என்று அனுப்பிவிடாதீர்கள். காலை வெயிலில் காட்டினால் போதும் என்பதும் சரியல்ல. மஞ்சளைக் குறைக்க மருத்துவமனையில் வைக்கும் நீல விளக்குக்கும் முற்றத்து வெயிலுக்கும் வேறுபாடு உண்டு.

இனி அறிகுறிகள். முதல் ஓராண்டில்தான் காலம் அதிகம் வீணாகிறது. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு, பொறுத்துப் பாப்போம்” என்ற ஒரு வாக்கியத்துக்கு ஆறு மாதம் போய்விடும். நான்கு மாதத்துக்குப் பிறகும் கை எப்போதும் முட்டியாக மூடியே இருக்கிறதா? தூக்கி உட்காரவைத்தால் தலை பின்னால் விழுகிறதா? ஒன்பது மாதத்தில் தானாக உட்காரவில்லையா? டயபர் மாற்றும்போது கால்களைப் பிரிக்கவே முடியாமல் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்கின்றனவா? பால் குடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறதா? ஒரு வயதுக்குள்ளேயே எல்லாவற்றையும் ஒரே கையால் எடுத்தால் “இடக்கைப் பழக்கம்” என்று ரசிக்க வேண்டாம். அந்த வயதில் குழந்தைக்குக் கைப்பழக்கம் வந்திருக்கக் கூடாது, மற்றக் கையை ஏன் பயன்படுத்தவில்லை என்றே கேட்க வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போது கொண்டுபோகிறீர்களே, அந்தக் குழந்தைச் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் வளர்ச்சிப் படிகளுக்கான பக்கங்கள் இருக்கின்றன. ஊசிப் பக்கத்தோடு அவற்றையும் திருப்பிப் பாருங்கள். மாதம் குறைந்து பிறந்த, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தையென்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள் குழந்தையின் இயல்பான அசைவுகளைக் கவனித்தே ஐந்து மாதத்துக்குள் ஆபத்தைக் கணிக்கும் முறைகள் வந்துவிட்டன.

ஜொகூர் பாரு வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் குழந்தைகள் பிரிவு, பண்டானில் உள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை. குளுவாங், பத்து பகாட், மூவார், சிகாமட் பக்கத்தவர்களுக்கு அங்கங்கே அரசு மருத்துவமனைகள் உண்டு. கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் வழி திறக்கும். ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள்’ என்று தாய் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

முதல் சந்திப்பில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “எப்ப நடப்பான்?” அதற்கும் பதில் உண்டு. இரண்டு வயதுக்குள் துணையின்றி உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதோவொரு விதத்தில் நடந்துவிடுகிறார்கள். நான்கு வயதிலும் உட்கார முடியாதவர்கள் நடப்பது அரிது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 1997இல் வெளியிட்ட ஐந்து படி அளவுகோல் ஒன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. முதல் படியில் இருப்பவர் நடப்பார், ஓடுவார். ஐந்தாம் படியில் இருப்பவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள வேண்டும். உங்கள் பிள்ளை எந்தப் படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த பத்தாண்டுக்கு எதற்குத் தயாராக வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அசைவுத் திறனில் வரக்கூடிய முன்னேற்றத்தில் பெரும்பங்கு ஐந்து வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கடுமையான நிலையென்றால் அதற்கும் முன்பே. ‘பொறுத்துப் பாப்போம்’ என்பதன்மேல் எனக்குள்ள கோபத்துக்கு இதுவே காரணம்.

ஆனால் நடையைவிட முக்கியமான கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. பெருமூளை வாதம் உள்ள நான்கு பேரில் மூன்று பேருக்கு வலி இருக்கிறது. சொல்லத் தெரியாத பிள்ளை இரவெல்லாம் அழுதால் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகுகிறது. ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, எக்ஸ்ரேயில் மட்டுமே தெரியும். அதனால் நடக்காத பிள்ளைக்குத்தான் இடுப்பு எக்ஸ்ரே மிக அவசியம், அதுவும் ஒருமுறை எடுத்து விட்டுவிடுவது அல்ல, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்ப. தெற்குச் சுவீடனில் 1994 முதல் பெருமூளை வாதமுள்ள எல்லாப் பிள்ளைகளையும் இப்படித் தொடர்ந்து கண்காணித்ததில் இடுப்பு முழுவதுமாக விலகிப்போவது மிகவும் அரிதாகிவிட்டது. நான்கில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். பக்கவாட்டில் படுக்கவையுங்கள், மணி பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 999.

சிகிச்சை என்றால் பெரிய அறுவை ஒன்றை எதிர்பார்க்கிறோம். நடைமுறையில் அது தினசரி வேலை. தசையை நீட்டும் பயிற்சி, கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் உறை, நிற்கவைக்கும் சட்டம், உடம்புக்கு அளவெடுத்த நாற்காலி. இறுக்கம் மிகுந்தால் பக்லோபன் மருந்து, சில தசைகளில் போடோக்ஸ் ஊசி, தேவைப்பட்டால் எலும்பு அறுவை. பிள்ளை வளர வளர உறையும் நாற்காலியும் சிறுத்துப்போகும். பள்ளிச் சப்பாத்துபோல அவற்றையும் மாற்ற வேண்டும். பாட்டி எண்ணெய் தேய்த்து நீவுவதில் தவறில்லை, பிள்ளைக்கு அது சுகம், பாட்டிக்கும் ஆறுதல். ‘சுளுக்கு எடுக்கிறேன்’ என்று காலை வெட்டி இழுப்பவரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். விலகத் தொடங்கிய இடுப்புக்கு அது ஆபத்து. உள்ளே உட்காரவைக்கும் சக்கரம் வைத்த குழந்தை வாக்கர் நடக்கக் கற்றுத்தராது, இறுகிய காலை நுனிவிரலில் உந்தவே பழக்கும். வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஏற்றினால் எழுந்து நடப்பான் என்று பல்லாயிரம் வெள்ளி கேட்பவர்களிடம் வீட்டை அடகு வைத்துப் போனவர்கள் உண்டு. அதை வழக்கமான சிகிச்சையாக ஏற்கும் அளவுக்குச் சான்று இன்னும் வரவில்லை.

சோறு ஊட்டுவதையும் சொல்லியாக வேண்டும். நம் வழக்கம், மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கஞ்சி புகட்டுவது. விழுங்குவதில் சிரமமுள்ள பிள்ளைக்கு அது நேரே மூச்சுக்குழாயில் இறங்கலாம். அடிக்கடி சளிக்காய்ச்சல், நிமோனியா என்று வார்டில் படுத்தால் ஊட்டும் முறையை ஒருமுறை சோதியுங்கள். நிமிர்ந்த உட்காரல், தாடை சற்றே தாழ்ந்த நிலை, சிறு கரண்டி, கெட்டியான பதம். பேச்சுப் பயிற்சியாளர்கள் விழுங்குவதையும் பார்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அரசு உதவிக்கு வாசல், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நல இலாகா அதை வழங்குகிறது. பாரத்தில் மருத்துவர் ஒரு பகுதியை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். பிள்ளையின் பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட், படம், பிறகு மாவட்ட நல இலாகா அலுவலகம். இணையத்திலும் பதியலாம். ‘அட்டை எடுத்தால் பிள்ளைமேல் முத்திரை குத்திவிடுவார்கள், நாளைக்குத் தங்கச்சி கல்யாணத்துக்கு இடைஞ்சல்’ என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அட்டை இல்லாமல் அரசு மருத்துவமனைக் கட்டணச் சலுகை, கேடிஎம் ரயிலில் பாதிக் கட்டணம், நாற்காலிக்கான உதவி, வருமான வரிக் கழிவு எதுவும் வராது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான வரிக் கழிவு 2025 வரியாண்டிலிருந்து 8,000 வெள்ளி. படுக்கையிலேயே இருப்பவரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 500 வெள்ளி உதவி இருக்கிறது. தொகைகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், வருமான வரம்பும் பார்ப்பார்கள்; இலாகாவில் நேரில் கேட்பதே நல்லது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999.

அட்டையில் எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஏழு பிரிவுகள் இருக்கின்றன. உடல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளை, பேச்சுக் குழறுவதால் கற்றல் குறைபாடு என்று எழுதப்பட்டுவிட்டால் அது பள்ளிவரை பின்தொடரும்.

பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையங்கள் அட்டைக்கு அடுத்த படி. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம். இன்று நாடு முழுவதும் ஐந்நூறுக்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன, ஜொகூரின் பல மாவட்டங்களிலும் உண்டு. பெரிய மருத்துவமனையில் பயிற்சி மாதத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும், பி.டி.கே. பக்கத்தில் இருப்பதால் வாரம் முழுக்கப் போகலாம். தரம் மையத்துக்கு மையம் வேறுபடும், அது உண்மை. நேரில் போய் அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேருங்கள். ஜொகூர் பாருவில் ஜொகூர் ஸ்பாஸ்டிக் சிறார் சங்கம் இந்தப் பிள்ளைகளுக்கென்றே இயங்குகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1957இல் தொடங்கிய ஸ்பாஸ்டிக் சிறார் சங்கம் இப்போது செரிப்ரல் பால்சி அலையன்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. அங்குள்ள வசதியைப் பார்த்து ஏங்குவதைவிட இங்குள்ளதை முழுதாகப் பயன்படுத்துவது நடக்கிற காரியம்.

பள்ளி விஷயத்தில் 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது கல்வியமைச்சின் கொள்கை. ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்புகள் சில தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. அதில் சேரும் மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை. பெருமூளை வாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே அறிவு வளர்ச்சியில் குறை இருக்கிறது. மீதிப் பாதிக்குத் தேவை சிறப்பு வகுப்பல்ல. படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப்பாதை, கீழ்த்தளத்தில் வகுப்பறை, தேர்வில் கொஞ்சம் கூடுதல் நேரம். கேட்டால் தருவார்கள் என்று சொல்ல மாட்டேன். மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

பேச்சு வராததை அறிவு இல்லாததாக எடுத்துக்கொள்வது நாம் இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய அநியாயம். 2019இல் இங்கும் பலர் பார்த்த இயக்குநர் ராமின் ‘பேரன்பு’ படத்தில் பெருமூளை வாதமுள்ள மகளை அப்பா புரிந்துகொள்ளத் தொடங்குவதே கதை. படத்தைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு, அந்த ஒன்றில் அது சரி. சென்னையில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலியில் பிள்ளை படத்தைத் தொட்டால் கருவி பேசும். செயலிகூட வேண்டியதில்லை. ஒரு அட்டையில் சோறு, தண்ணி, வலி, பாட்டி, போதும் என்று ஐந்து படம் ஒட்டினால் தொடங்கிவிடலாம். பயிற்சியாளர் மலாயில் பேசுவார், அக்கா கைப்பேசியில் ஆங்கிலம், பாட்டி தமிழ். பிள்ளையிடம் அதிக நேரம் இருப்பவர் எந்த மொழியோ, அட்டை அந்த மொழியில் இருக்கட்டும். ‘போதும்’ என்ற சொல்லை முதல் ஐந்தில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

நம் மாநிலத்தில் பல வீடுகளில் அப்பா விடியுமுன் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார், இருட்டியபின் திரும்புவார். தூக்குவது, குளிப்பாட்டுவது, கிளினிக்குக்குக் கொண்டுபோவது எல்லாம் அம்மா. பத்து கிலோவில் தொடங்கியது முப்பது கிலோவாகும்போது அவள் முதுகு போய்விடும். முட்டியை மடக்கித் தூக்கும் முறையைப் பயிற்சியாளரிடம் அம்மா கற்றுக்கொள்வதும் சிகிச்சைதான். வார விடுமுறையில் ஒரு வேளைக் குளியல் அப்பாவுடையதாக இருக்கட்டும். பிள்ளையை இரண்டு மணி நேரம் தனியாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த இன்னொருவர், சித்தியோ பெரியம்மாவோ, வீட்டில் உருவாக வேண்டும். அம்மா காய்ச்சலில் விழும் நாளும் வரும்.

பதினெட்டுக்குப் பிறகு என்ன என்பதை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. பள்ளி முடியும், குழந்தைகள் பிரிவு பார்ப்பதை நிறுத்தும். ஜொகூர் பாரு சுங்கை சாட்டில் 1952இல் காசநோயிலிருந்து மீண்டவர்களுக்காகத் தொடங்கிய ‘ஜாரோ’ பட்டறையில் மாற்றுத்திறனாளிகள் கூடை பின்னுகிறார்கள், புத்தகம் கட்டுகிறார்கள், தைக்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. 2016 ரியோ பாராலிம்பிக்கில் மலேசியாவுக்கு வரலாற்றின் முதல் தங்கத்தை 100 மீட்டர் ஓட்டத்தில் வாங்கித் தந்த முகமட் ரிட்சுவான் பூசிக்குப் பெருமூளை வாதம். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தயக்கம் உண்டு; ஓட முடியாத பிள்ளையின் தாய்க்கு அது என்ன செய்தியாகப் போய்ச் சேரும்?

எனவே சின்ன வேலை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தடித்த கோப்பு வாங்குங்கள். பிறந்தபோதைய மருத்துவமனை அறிக்கை, மஞ்சள் அளவு எழுதிய தாள், ஜி6பிடி முடிவு, எந்தப் படி என்று மருத்துவர் சொன்ன தேதி, ஒவ்வொரு இடுப்பு எக்ஸ்ரேயின் நகல், வலிப்பு மருந்தின் பெயரும் அளவும், நாற்காலிக்கு அளவெடுத்த நாள், அட்டையின் நகல், பள்ளிக்கு எழுதிய கடிதங்கள். குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மாற்றினாலும், குழந்தை மருத்துவர் இடம் மாறிப் புதியவர் வந்தாலும், பதினெட்டு வயதில் பெரியவர்கள் பிரிவில் யாரோ ஒருவர் முன் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கும்போதும், பிள்ளையைத் தெரிந்த ஒரே சாட்சியாக அந்தக் கோப்புதான் மேசைமேல் இருக்கும்.